மாசியில் உப்புச் சதுப்புக்குள் கயாக்: மலையிலிருந்து போய் வந்த அனுபவம்

ஏரிச்சாலை (கொடைக்கானல்), ஞாயிறு இரவு 9.40

மாசி மகத்துக்கு மறுநாள் ஐந்து பேர் காரங்காடு போய்க் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டிவிட்டு வந்தோம். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் தாண்டி, தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற மீனவ ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். இந்தக் குழுவில் பலருக்கு இப்படிப் போக ஆசை இருப்பது தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குப் படகு புதிதில்லை. பத்து வயதிலிருந்து நம் ஏரியில் துடுப்புப் போட்டவன். ஆனால் ஏரித் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். காலையில் விட்டுப் போன கரைதான் மாலையிலும் கரை. கடலோரத்தில் அப்படி இல்லை என்று படித்துவிட்டுத்தான் போனேன். படித்தது கைக்கு வந்து சேரவில்லை.

முதல் அரை மணி நேரம் சுகம். ஏரிப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழகியவனுக்கு, கயாக்கில் முன்னால் வருவது எல்லாம் தெரிவதே பெரிய சந்தோஷம். இரண்டு பக்கமும் கண்டல் என்கிற அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள். ஓர் இலையைக் கிட்டத்தில் பார்த்தேன். பரப்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. தூசு என்று நினைத்து விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு. மரமே இலை வழியாக உப்பைக் கக்குகிறதாம்.

கூட வந்த ஊர்த் தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் பிரிந்தது. அதன் முடிவில் மரமே இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக ஒரு வெளி தெரிந்தது. நானும் தாண்டிக்குடி நண்பரும் சொல்லாமல் அதற்குள் திரும்பிவிட்டோம். அது எங்கள் தப்பு. நாங்கள் உள்ளே போனது கடல் தண்ணீரின் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குகிற நேரம். அந்த வெளியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். திரும்பும்போது துடுப்பு சேற்றைத் தொட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் படகின் அடியே தொட்டது. அப்புறம் தண்ணீரே இல்லை. முன்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஓடை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நண்பர் இறங்கித் தள்ளப் பார்த்தார். ஒரு கால் முழங்காலுக்கு மேல் புதைந்தது. இழுத்ததில் செருப்பு உள்ளேயே போய்விட்டது, பாதத்தில் சிப்பி கிழித்து ரத்தம். தம்பி தேடி வந்து கரையிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்: "இறங்காதீங்க அண்ணே, படகுலயே உக்காருங்க. தண்ணி வரும்." மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல் வந்தது. முதலில் நண்டு வளைகள் நிறைந்தன, அப்புறம் படகு ஒரு பக்கமாக அசைந்தது, அப்புறம் மிதந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் பார்த்தது வேறு எங்கும் பார்க்காதது. ஆனால் வெயில், தாகம், பயம் மூன்றையும் வைத்துக்கொண்டு பார்த்தோம். அடுத்துப் போகிறவர்கள் தண்ணீரின் கணக்கைக் கேட்டுவிட்டுப் போங்கள். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வில்பட்டிக்காரி, ஞாயிறு இரவு 10.15

அண்ணா, நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும். ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. இந்தக் குளிரில் யார் குளத்தில் இறங்கிக் கற்றுக்கொண்டோம்? நீச்சல் தெரியாமல் கயாக்கில் ஏறலாமா?

மன்னவனூர் பரிசல், திங்கள் காலை 6.05

ஏறலாம் சகோதரி. ஆனால் இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் ஏறச் சொல்லுங்கள். பின்னால் பழகியவர் இருக்கட்டும். உட்காரும் குழிக்குள் காலை நுழைக்கும் வகை வேண்டாம். மேலே உட்காரும் வகையாக இருந்தால், கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே சிக்க மாட்டார்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே சோதித்துப் பாருங்கள். எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது தளர்வு. தண்ணீரில் அது மேலே போகும், ஆள் கீழே போவார். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கடற்கரையில் ஒரு தனியார் படகு நிறுவனத்தில் எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வேறு கேட்டேன், இதுதான் இருக்கிறது என்றார்கள். பணத்தைக் கட்டியிருந்தும் ஏறாமல் வந்தேன். நீங்களும் அப்படி வந்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. அதுதான் முதல் பாடம். படகின் நடுப்பக்கம் வந்து, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்படி ஏறிப் படுக்க வேண்டும். அப்புறம் மெதுவாக இடுப்பைத் திருப்பி உட்கார வேண்டும். சதுப்பு வாய்க்காலில் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். அதனால் எல்லோருக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். ஏரிச்சாலை நண்பருக்கு நடந்ததைப் படித்தீர்கள் அல்லவா, நிற்கக் கூடாது. பழைய கான்வாஸ் ஷூ, கயிறு கட்டியது, கட்டாயம். செருப்பு வேண்டாம்.

கீழக்கரைப் பேத்தி (நாயுடுபுரம்), திங்கள் மதியம் 1.30

நான் இங்கே நர்ஸாக வந்து பதினொரு வருடம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது கடலோரம். அண்ணன் போன நாள்தான் பிரச்சினை. மாசி மகம் பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமி நவமி வாக்கில் இரண்டுமே மந்தம். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நேற்று காலை பத்துக்கு நிறைந்திருந்தால் இன்று பத்தே முக்காலுக்கு மேல்தான்.

பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று வெளியூர்க்காரர்கள் அசட்டையாக இருப்பார்கள். மலையில் ஒரு மீட்டர் என்றால் ஒரு படிக்கட்டு வரப்பு. அங்கே நிலம் தட்டு மாதிரி. அரை மீட்டர் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு.

நீங்கள் பார்த்த அந்தச் சிவப்பும் பச்சையுமான வெளி உமரி. அதைப் பார்க்கத்தான் போனீர்கள் என்று படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படகில் வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மரம்தான் காடு, மற்றது பொட்டல் என்று நினைப்பு. எங்கள் ஆச்சி அதைத்தான் கீரையாக ஆய்வார். தண்டு சதைப்பற்றாக, பட்டாணி நெற்றைப் பிதுக்கினது மாதிரி இருக்கும். கொழுந்தாகக் கிள்ளி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு தரம் கொட்டினால் இன்னும் நல்லது. அப்புறம் பருப்போடு கடைந்தால், உப்பே போட வேண்டாம். இறால் சேர்த்தால் தனி ருசி. மழை முடிந்த கையோடு முழுப் பச்சையாக இருக்கும். வெயில் ஏற ஏற நுனியிலிருந்து சிவக்கும். பங்குனியில் தூரத்திலிருந்து பார்த்தால் குங்குமம் கொட்டின மாதிரி.

ஏரிச்சாலை, திங்கள் மாலை 7.20

நன்றி அக்கா. குங்குமம் என்றீர்களே, அதேதான். அதன் பெயர்கூடத் தெரியாமல் மூன்று மணி நேரம் அதன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். தண்ணீர் வற்றியதும் சேறு முழுக்க "டிக், டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. ஒரு கை மட்டும் பெரிதான குட்டி நண்டுகள் வளைக்கு வெளியே வந்து அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. நாங்கள் அசைந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. அசையாமல் நூறு எண்ணினால் திரும்ப வந்தன.

தாவரவியல் டீச்சர் (பண்ணைக்காடு), திங்கள் இரவு 9.00

கையை ஆட்டியது ஆண் நண்டு, பெண்ணை அழைக்க. பெண் நண்டுக்கு இரண்டு கையும் சிறியவை.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்பார்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நம் தோட்டத்துப் பீன்ஸுக்கு அதை ஊற்றினால் மறுநாளே வாடிவிடும். அங்கே இருக்கிற செடிகள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. அலையாத்தி உப்பை உறிஞ்சிக்கொண்டு இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. நீங்கள் நக்கிப் பார்த்தது அதுதான். பிச்சாவரத்தில் கால் ஊன்றி நிற்கிறதே சுரபுன்னை, அது வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுகிறது. உமரி தடுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. உப்பைத் தண்டுக்குள்ளேயே சேர்த்து வைத்து, கூடவே தண்ணீரையும் நிறைத்து வைத்துக்கொள்கிறது. ஆச்சி இரண்டு தரம் தண்ணீரைக் கொட்டியதன் காரணம் அதில் இருக்கிறது.

இன்னொன்று. கயாக்கில் போகும்போது வாய்க்கால் வளைந்து நெளிந்து போனால் அது தண்ணீர் போட்ட வழி. நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை பிரிந்தால் அது மனிதர் வெட்டியது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போனதும் வெயிலில் காய்ந்த மண் அமுங்கித் தொட்டி மாதிரி ஆனது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, கடலைவிடப் பல மடங்கு உப்பாகிவிட்டது. கண்டல்கூட முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்றமும் வற்றமும் உள்ளே போய் வர வழி செய்தார்கள். உப்பு கழுவப்பட்டது, நட்ட கன்று பிழைத்தது. நீங்கள் துடுப்புப் போடுகிற அந்த நேர் வாய்க்கால்தான் காட்டுக்கு ரத்தக்குழாய்.

பிச்சாவரம் போகிறவர்கள் தில்லை மரத்தின் இலையைக் கிள்ளாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் எரிந்து கொஞ்ச காலம் பார்வையே மறையும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான்.

உள்ளான் (பெருமாள்மலை), செவ்வாய் காலை 5.50

எல்லாரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு மனத்தாங்கல், சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் கயாக் வேண்டாம் என்பது என் கருத்து.

வலசை வந்த உள்ளான் பறவைகள் அப்போதுதான் திரும்பிப் போகத் தயாராகின்றன. கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது, சிட்டுக்குருவி அளவுதான். அது இங்கிருந்து சைபீரியாவின் வட கோடி வரை பறக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. சேறு வெளியே தெரிகிற சில மணி நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். அப்போது ஒரு படகு வந்து கிளப்பிவிட்டால், ஒரு வேளைச் சோறும் போச்சு, பறந்து செலவழித்த கொழுப்பும் போச்சு.

கயாக்குக்குச் சத்தமில்லை, அதனால் பறவைக்குத் தொந்தரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தது வேறு. மோட்டார் படகு தூரத்திலேயே தெரியும், ஆழமான வழியில் நேராகப் போய்விடும். பறவைக்கு அது பழகிவிடுகிறது. கயாக் ஆழமில்லாத இடத்துக்கெல்லாம் நுழையும், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடும். தாழ்வாக நகர்ந்து வருவதைப் பார்த்தால் பதுங்கி வருகிற விலங்கு மாதிரி இருக்கும். பறவை கடைசி நிமிடத்தில் பதறிக் கிளம்பும். நீங்கள் இருவரும் சேற்றில் மாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த மூன்று மணி நேரம்தான் பறவைகளுக்கு நல்ல நேரம்.

ஏரிச்சாலை, செவ்வாய் காலை 8.10

உண்மைதான். உட்கார்ந்த பிறகுதான் அவை கிட்டே வந்தன. சின்னச் சின்னதாக, தையல் மிஷின் ஊசி மாதிரி அலகைச் சேற்றில் குத்திக் குத்தி ஓடின. அதற்கு முன்னால் வாய்க்கால் முனையில் திரும்பியபோது ஒரு கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போனதையும் பார்த்தோம். அதை நான் முதல் பதிவில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் போகவே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே படகு விடுகிற ஊர்க்காரர்களுக்கு அது வருமானம். காடு நின்றால்தான் வருமானம் என்பதால் காட்டைக் காவல் காக்கிறார்கள். நாம் ஏற்ற நேரத்தில் மட்டும் போய், சேறு தெரிய ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிட்டால்? நமக்கும் மாட்டிக்கொள்ளும் பயமில்லை, அவற்றுக்கும் சாப்பாட்டு நேரம் கெடாது.

உள்ளான், செவ்வாய் இரவு 8.30

ஏற்ற நேரத்தில் அவை மேட்டில் கூட்டமாக ஒதுங்கி ஓய்வெடுக்கும். பெரும்பாலும் அந்த உமரித் திட்டில்தான். அதனால் பெரிய வாய்க்காலை விட்டு விலகாமல், திட்டுப் பக்கம் போகாமல் இருந்தால் சரி என்கிறேன். ஒரு பறவை தலையை நிமிர்த்திப் பார்த்தாலே நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மார்கழி, தை நல்லது என்ற என் எண்ணம் மாறவில்லை.

ஷெண்பகனூர் மேடு, புதன் மதியம் 2.45

நான் கயாக் ஓட்டியதில்லை. முத்துப்பேட்டைக்கு வனத்துறைப் படகில் போயிருக்கிறேன், 2020 மாசியில். போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

2018 நவம்பர் 16 யாருக்கும் மறந்திருக்காது. கஜா புயல் விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்றைக்கே இங்கே வந்துவிட்டது. கடலிலிருந்து இத்தனை தூரம், இத்தனை உயரம், நம்மை என்ன செய்யும் என்று இருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று யூக்கலிப்டஸ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. மலைப்பாதையில் மரம் விழுந்து போக்குவரத்து இல்லை, மின்சாரம் இல்லை. அந்தக் காற்று முதலில் எதைத் தாண்டி வந்தது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

படகு உள்ளே போகப் போக, இலையே இல்லாத சாம்பல் நிற மரங்கள். வரிசை வரிசையாக, நின்றபடி செத்துப் போனவை. கிளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. படகுக்காரர் எதுவும் பேசவில்லை. ஓரிடத்தில் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கீழே காட்டினார். செத்த மரத்தின் அடியில், மூச்சுவேர்களுக்கு நடுவில், இரண்டு இலை விட்ட கண்டல் கன்றுகள். ஒரு சதுர அடியில் ஏழு எட்டு இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

வில்பட்டிக்காரி, புதன் இரவு 7.05

படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கஜா அன்று அம்மா தனியாக வீட்டில் இருந்தார்.

தாவரவியல் டீச்சர், புதன் இரவு 9.30

அலையாத்தி விதை மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் முளைத்துவிடும். விழுந்தால் மிதந்து போய், சேறு கிடைத்த இடத்தில் சில நாளில் வேர் பிடிக்கும். அந்தக் கன்றுகள் அப்படி வந்தவையாக இருக்கும்.

சதுப்பு என்றால் கடலோரம் என்று நினைக்காதீர்கள். நம் ஏரியே சதுப்பாக இருந்த இடம்தான். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியாக்கினார். ஏரிக்குப் பக்கத்தில் ஜிம்கானா சதுப்பு இன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைக் கோடையில் கசியவிடுகிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அதன் ஓரத்துக் கோரையைப் பாருங்கள். உப்பு ஒன்றுதான் இல்லை, மற்ற வேலை எல்லாம் ஒன்றுதான்.

அட்டுவம்பட்டி, வியாழன் காலை 7.00

வெயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஸ்வெட்டரோடு கிளம்பிக் கடற்கரையில் இறங்கினால் தாங்குமா?

கீழக்கரைப் பேத்தி, வியாழன் மதியம் 1.10

முதல் நாள் மாலையே ராமநாதபுரம் போய்த் தங்கிவிடுங்கள். இரவெல்லாம் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு போய் நேராகப் படகில் ஏறினால், ஒன்பது மணி வெயிலுக்கே தலை சுற்றும். நம் ஊர்க்காரர்களுக்கு வியர்த்துப் பழக்கமில்லை, தாகம் தெரிவதற்கு முன்பே உடம்பு வற்றிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் படகிலேயே இருக்கட்டும். கரைக்கு வந்ததும் உப்பு போட்ட நீர்மோர். முழுக்கை பருத்திச் சட்டை, கழுத்தை மறைக்கிற துண்டு. சேற்றில் சிப்பி கிழித்தால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். அண்ணா, உங்கள் நண்பர் காட்டினாரா?

காலை ஏழுக்குள் இறங்கிப் பத்துக்குள் கரைக்கு வருவதே நல்லது. அப்புறம் கடல் காற்று எழும்பிவிடும், துடுப்புப் போடுவது சிரமம்.

ஏரிச்சாலை, வியாழன் இரவு 9.15

காட்டினார் அக்கா, தையல் போட்டு ஆறிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறைக்கு நாள் பார்த்தாகிவிட்டது. பங்குனித் தேய்பிறை அஷ்டமியை ஒட்டி வரும் சனி, ஞாயிறு. ஏற்ற நேரத்தைக் காரங்காட்டுத் தம்பியிடம் போனில் கேட்டேன், காலையில் ஏறுகிற நாள்தான் என்றார். பெரிய வாய்க்காலோடு நிறுத்திக்கொள்வோம். உமரித் திட்டைக் கரைப் பக்கமிருந்து, நடந்து போய், தூரத்தில் நின்று பார்ப்போம். உள்ளான் சார், தொலைநோக்கியோடு நீங்களும் வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்திலிருந்து வேன், மூன்று இடம் மீதி இருக்கிறது.

உள்ளான், வெள்ளி காலை 5.40

ஒரு இடம் எனக்கு. படகில் ஏற மாட்டேன், கரையில் இருப்பேன்.

வில்பட்டிக்காரி, வெள்ளி மாலை 6.30

மீதி இரண்டும் எங்களுக்கு அண்ணா. அம்மாவுக்குக் கான்வாஸ் ஷூ இன்றைக்கு வாங்கியாகிவிட்டது. போட்டுக்கொண்டு தோட்டத்துச் சேற்றில் நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.